மாப்பிள்ளைத் தோழன்

சென்ற தை மாதம் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றுக்காகப் பாளையங்கோட்டை சென்றிருந்தேன். மணமகனின் நண்பர்கள் ஆறு பேர் ஒரே நிறச் சட்டை அணிந்து, புகைப்படக்காரர் சொன்னபடியெல்லாம் நின்றுகொண்டிருந்தனர். அவர்களுக்குப் பின்னால், இடுப்பில் நில்லாத பட்டு வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எங்கே நிற்பது என்று தெரியாமல் விழித்தான். அவன் மணமகளின் தம்பி. முறைப்படி மாப்பிள்ளைத் தோழன். "தம்பி, படத்தை மறைக்கிறாய், கொஞ்சம் தள்ளி நில்" என்று யாரோ சொன்னார்கள். அவனும் தள்ளி நின்றான். சொன்னவரைக் குறை கூறி என்ன பயன்? தான் எதற்காக அங்கே நிற்கிறோம் என்பதை அந்தச் சிறுவனுக்கே யாரும் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் நெல்லைப் பகுதியில் பல குடும்பங்களில் மணமகளின் உடன்பிறந்தானே மாப்பிள்ளைத் தோழன். மணமகனின் சகோதரி கணவர் தோழராக நிற்கும் வழக்கமும் சில சமூகங்களில் உண்டு. "தோழன் என்றால் மணமகனின் நண்பன் அல்லவா? பெண் வீட்டுப் பிள்ளை எப்படித் தோழன் ஆவான்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மணமகன் அன்று வேற்று வீட்டாரின் நடுவே வந்து நிற்கிறான். அவனை மாலையிட்டு எதிர்கொண்டு, கைப்பற்றி மணவறைக்கு அழைத்துச் செல்ல அந்த வீட்டுப் பிள்ளையே வருகிறான். 'இனி எங்கள் வீட்டில் உமக்குத் துணை நான்' என்பதே அதன் பொருள். பதிலுக்கு மணமகன் மைத்துனன் விரலில் மோதிரம் அணிவிக்கிறான். யாழ்ப்பாணத்துச் சைவத் திருமணங்களிலும் பெண்ணின் சகோதரனே தலைப்பாகையுடன் தோழனாக நின்று, மாப்பிள்ளையின் பாதங்களைக் கழுவி வரவேற்று, மோதிரம் பெறுகிறான்.

தெய்வத் திருமணங்களிலும் உடன்பிறந்தாருக்குரிய இடம் காலியாக இருப்பதில்லை. மதுரையில் மீனாட்சியம்மையின் திருக்கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் எழுந்தருளித் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார். நெல்லையப்பர் கோயிலில் சுவாமி சந்நிதிக்கு அருகிலேயே நெல்லை கோவிந்தர் பள்ளிகொண்டிருக்கிறார். ஐப்பசித் திருக்கல்யாணத்தில் காந்திமதியம்மைக்கு அண்ணன் அவர்தான். ஆண்டாள் நாச்சியார் தாம் கண்ட மணக்கனவில் உடன்பிறந்தாரை மறக்கவில்லை. அவர்கள் தீ வளர்த்து, தங்கையின் கையை அச்சுதன் கைமேல் வைத்துப் பொரியிடுகிறார்கள். இன்றும் வேள்வித் தீயின்முன் மணமகளின் கையில் பொரியை இட வேண்டியவன் அவள் சகோதரன்தான்.

தோழமை மணவறையோடு முடிந்துவிடுவதும் இல்லை. தோழன் என்ற சொல்லுக்கே பெருமை சேர்த்தவர் 'தம்பிரான் தோழர்' என்று போற்றப்படும் சுந்தரமூர்த்தி சுவாமிகள். பரவையார் ஊடிக் கதவடைத்தபோது, அவருக்காக நள்ளிரவில் திருவாரூர் வீதியில் தூது நடந்தவர் சிவபெருமான். ஒருமுறை அன்று, இருமுறை. முதல் முறை அர்ச்சகர் வடிவில் சென்று மறுக்கப்பட்டுத் திரும்பி, மீண்டும் தம் உண்மைக் கோலத்திலேயே சென்றார். மணம் முடிந்து நெடுநாள் கழித்து எழும் பிணக்கைத் தீர்க்க நடப்பவனும் தோழனே.

இதை எனக்கு உணர்த்தியது எங்கள் வீட்டிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி. 1970ஆம் ஆண்டு ஆவணியில் என் அக்காவின் திருமணம். தோழனாக நிற்க வேண்டியவர் அண்ணன். ஆனால், திருமணச் செலவுக்காகத் தம்மைக் கேளாமல் வயலை விற்றுவிட்டார் என்று அப்பாவிடம் கோபித்துக்கொண்டு, முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னர் அவர் தூத்துக்குடிக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். அக்கா அழுதாள். அப்பா வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு வயதான எனக்கு அண்ணனுக்காக வாங்கிய வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள்.

அத்தானின் கையைப் பிடித்தேன். வியர்த்து நனைந்திருந்தது. அந்தக் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது! அண்ணனின் விரல் அளவுக்குச் செய்த மோதிரம் என் விரலில் நிற்கவில்லை. அம்மா மஞ்சள் நூலை அதன் அடியில் பலமுறை சுற்றி இறுக்கினாள். பிற்காலத்தில் வங்கியின் நகைக்கடன் பிரிவில் எத்தனையோ மோதிரங்கள் என் கண்முன் எடைபோடப்பட்டன. நூல் சுற்றிய மோதிரம் வரும்போதெல்லாம் கடன் கேட்டு நிற்பவரின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். அதில் எனக்கு அலுவல் ஏதும் இல்லை.

அண்ணன் அக்கா வீட்டுப் படி ஏறவில்லை. அத்தான் எழுதிய கடிதங்களுக்கும் மறுமொழி இல்லை. 1973இல் பங்குனி உத்திரத்தன்று எங்கள் குலதெய்வமான சாஸ்தா கோயிலில் அக்கா மகனுக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் என்ற முறையில் நான் மணைப்பலகையில் அமர்ந்துவிட்டேன். ஆசாரி ஊசியை எடுக்கும் நேரம், கூட்டத்தின் ஓரத்தில் அண்ணன் நிற்பதை அத்தான் கண்டார். முந்திய வாரம் அத்தானே தூத்துக்குடிக்குப் போய் அழைத்து வந்திருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். போனார்; அண்ணன் கதவைத் திறக்கவில்லை. சாஸ்தா சந்நிதிக்கு அவர் தாமாகவே வந்திருந்தார்.

"மாமன் வந்தாச்சு, ஊசியை நிறுத்தும்" என்றார் அத்தான்.

நான் எழுந்துகொண்டேன். அண்ணன் அமர்ந்தார், குழந்தை அவர் மடிக்கு மாறியது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் மோதிரத்தைக் கழற்றி அத்தானிடம் கொடுத்தேன். அவர் அழுக்கேறிக் கறுத்திருந்த அந்த நூலைப் பொறுமையாகப் பிரித்தெடுத்துவிட்டு, மோதிரத்தை அண்ணன் விரலில் அணிவித்தார். அது சரியாகப் பொருந்தியது. குழந்தை வீறிட்டு அழுதது. அண்ணனும்தான்.