கடலோரத்தில் ஒரு தமிழ்ப் பெயர்ப்பலகை

பேராக் என்றதும் ஈப்போவும் இரப்பர்த் தோட்டங்களுமே நம் நினைவுக்கு வரும். அதன் கடலோரத்திலும் நம்மவர் வரலாறு உண்டு என்பதை, விடுமுறையில் நண்பர்களுடன் கோலா செப்பெத்தாங்கிற்குப் படகுப் பயணம் சென்றபோது அறிந்தேன்.

மாத்தாங் சதுப்புநிலக் காடுகளினூடே கழிமுகம்வரை சென்று கரை திரும்பினோம். இவ்வூரின் பழைய பெயர் போர்ட் வெல்ட். லாருட் வட்டார ஈயம் இங்கிருந்துதான் கப்பலேறியது. தைப்பிங்கையும் இத்துறைமுகத்தையும் இணைத்த, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் இரயில் பாதையே மலாயாவின் முதல் பாதை. 1885 ஜூன் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. அதனை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படையினர் தருவிக்கப்பட்டனர். பின்னர் இரயில்வே விரிந்தபோது தமிழகத் தொழிலாளர்கள் தண்டவாளம் பதித்தனர். யாழ்ப்பாணத் தமிழர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் பணியாற்றினர்.

இன்று அங்கே தண்டவாளம் இல்லை. கடைகளுக்கிடையே பழைய பயணச்சீட்டு முகப்பும் பெயர்ப்பலகையும் மட்டுமே எஞ்சியுள்ளன. அப்பலகையில் ரோமன், ஜாவி, சீன எழுத்துகளோடு தமிழும் உள்ளது. அதைப் படிக்கும் தமிழர்கள் அன்று அவ்வழியே பயணம் செய்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம் தாத்தா பாட்டி உழைத்த தோட்டங்கள் பலவற்றுக்கு இப்படியொரு பலகைகூட மிஞ்சவில்லை. அவர்கள் நம்முடன் இருக்கும்போதே தோட்டத்தின் பெயரையும் வேலை செய்த ஆண்டுகளையும் கேட்டு எழுதி வைப்போம். அதுவே நாம் நடும் பெயர்ப்பலகை.