அந்தரங்கத்திற்கு ஒரு காவல்



புதிய ஊரில் குடியேறும் ஒருவர் முதல் மாதத்திலேயே எத்தனை இடங்களில் தம்மைப் பற்றிய விவரங்களை ஒப்படைக்கிறார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? வீட்டுக்காரருக்கு ஆதார் நகல், கைப்பேசிக் கடைக்குப் புகைப்படம், வங்கிக்குப் பான் எண், பள்ளிக்குக் குழந்தையின் பிறப்புச் சான்று. சொந்த ஊரில் நம்மை அறிந்தவர் நாலு பேர் உண்டு. அயலூரிலோ காகிதமே நம்மை அறிமுகம் செய்து வைக்கிறது.

குடத்தைத் திருடினால் குடம் காணாமற் போகும், கூச்சலிடலாம். விவரத்தைத் திருடினாலோ, அது நம்மிடமும் இருக்கும், திருடனிடமும் இருக்கும். இழந்தோம் என்பதே நமக்குத் தெரியாது. நீதிமன்றத்தை நாடும் உரிமை மட்டும் இங்கே போதாமைக்குக் காரணம் இதுதான். நமக்காக விழித்திருக்கும் பொது அமைப்பு ஒன்று வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் ஹெஸ்ஸ மாநிலம் 1970ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் இயற்றியது. உலகில் அதுவே முதல்.

நம் நாட்டில் இக்கருத்து மெல்லத்தான் வேரூன்றியது. உத்தரப் பிரதேசத்துக் கரக் சிங் என்பவரின் வீட்டுக் கதவைப் போலீசார் நள்ளிரவில் தட்டிக் கண்காணித்து வந்தனர். 1962இல் அவ்வழக்கைத் தீர்த்த உச்ச நீதிமன்றம், இரவுச் சோதனை செல்லாது என்றது. ஆயினும் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என ஏற்கவில்லை. நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டு, அவ்வுரிமை தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று எழுதினார். 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென அறிவித்தனர்.

அதன் பின் 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் என்ற அமைப்பு இச்சட்டத்தின்படியே தோன்றியது. நிறுவனங்களின் பெரும்பாலான கடமைகளுக்கு மட்டும் அவ்விதிகள் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்தன.

அயல் மாநிலத்தில் வாழும் தமிழர் இச்சட்டத்தில் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. நம் சம்மதத்தைக் கேட்கும் நிறுவனம், எந்த விவரத்தை எதற்காகக் கேட்கிறது என்பதை அறிவிக்க வேண்டும். அவ்வறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க நமக்கு வாய்ப்பளிக்க வேண்டும். தமிழ் அவற்றுள் ஒன்று. புணேயிலோ சூரத்திலோ இருந்துகொண்டும் தமிழில் கேட்கலாம் என்பது பொருள். புரியாத மொழிப் படிவத்தில் கையொப்பமிட்டுப் பழகிய நமக்கு இது சிறிய சலுகையன்று. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும், கொடுத்தது போலவே எளிதாக இருக்க வேண்டும்.

விவரங்கள் கசிந்தால் வாரியத்துக்கும், பாதிக்கப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் நிறுவனம் தெரிவித்தாக வேண்டும். தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை வாரியம் அபராதம் விதிக்கலாம். ஆனால் அத்தொகை அரசாங்கக் கருவூலத்துக்கே போகும். நஷ்டப்பட்டவருக்கு இச்சட்டத்தில் ஈடு இல்லை. இதை ஒரு குறையென்றே கருதுகிறேன். வாரியத்தினரை நியமிப்பது மத்திய அரசு. தன் அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்து விலக்களிக்கும் அதிகாரமும் அதற்கே உண்டு. காவலரை அமர்த்துபவரே காவலுக்கு விலக்கும் பெறலாம் என்பது சிந்திக்கத்தக்கது. மேலும், கணினியில் ஏறாமல் மேசை இழுப்பறையில் கிடக்கும் காகித நகலுக்கு இச்சட்டம் பொருந்தாது. அதன்மேல் எதற்காகக் கொடுத்தோம் என்பதையும் தேதியையும் எழுதிக் கொடுப்பது நம் கையில் உள்ள காரியம்.

குறையிருந்தால் முதலில் அந்நிறுவனத்திடமே முறையிட வேண்டும். தீராவிடில் வாரியத்தை அணுகலாம். அது மின்னணு அலுவலகமாகவே இயங்க வேண்டுமென்று சட்டம் கூறுவதால், தில்லிக்கு ரயிலேற வேண்டியதில்லை. வாரியத்தின் முடிவு ஏற்புடையதன்று எனில், 60 நாட்களுக்குள் தொலைத்தொடர்புத் தகராறுகள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். பொய்ப் புகார் கொடுப்பவருக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆகவே படிவங்களின் நகலையும் கடிதங்களையும் பத்திரப்படுத்திக்கொண்டு புகார் எழுதுவது நல்லது.