கொள்முதலுக்குச் சென்னை வந்தால் எங்கே தங்குவது?

தீபாவளிக் கொள்முதல் என்றதும் நம் வெளியூர் உறுப்பினர்கள் தி.நகருக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். பாத்திரம், பிளாஸ்டிக், ஃபேன்சி சாமான் என எல்லாம் ரங்கநாதன் தெருவையும் உஸ்மான் சாலையையும் சுற்றியே கிடைக்கும். பூஜைச் சாமானுக்கும் கொலு பொம்மைக்கும் மயிலாப்பூர் மாட வீதிகள் இருக்கின்றன. சரக்கில் ஐம்பது காசுக்கும் பேரம் பேசும் நாம், லாட்ஜ் வாசலில் பேச வேண்டியதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வாடகையைக் கேட்பதற்கு முன் செக்-அவுட் எப்படி என்று கேட்க வேண்டும். தெற்கேயிருந்து எழும்பூர் போகும் ரயில்களில் பல மாம்பலத்தில் நிற்கின்றன. விடியற்காலை ஐந்து மணிக்கு இறங்கி அறை எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பகல் 12 மணிக் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜில் ஏழு மணி நேரத்தில் ஒரு நாள் முடிந்துவிடும். இரவு ரயில் வரை இருந்தால் 600 ரூபாய் அறைக்கு 1,200 ஆகிவிடும். 24 மணி நேரக் கணக்கு உள்ள இடத்தில் 900 ரூபாய் கொடுத்தாலும் மறுநாள் காலை ஐந்து வரை அறை நம்முடையது. எது மலிவு என்பதை உறுப்பினர்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

பஸ்ஸில் வருவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பஸ்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. ஊருக்கு வெளியே அறை மலிவு என்று தங்கினால், மிச்சம் பிடித்ததை ஆட்டோக்காரரிடம் கொடுக்க வேண்டி வரும். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு 2023 மே மாதம் முதல் ஆகாய நடைபாலம் இருக்கிறது. பை சிறிதாக இருந்தால் நடந்தே போய்விடலாம். பண்டிகைக் கூட்டத்தில் மூட்டையோடு போவது வேறு கதை.

வரி விஷயம் அடிக்கடி மாறியிருக்கிறது. நாள் வாடகை 1,000 ரூபாய் வரை இருந்த வரிவிலக்கு 2022 ஜூலை 18-ல் போய் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு அது 5 சதவீதமாகக் குறைந்தது. அதாவது 800 ரூபாய் அறைக்கு 96 ரூபாயாக இருந்த வரி 40 ரூபாய் ஆயிற்று. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சிறு லாட்ஜ் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு செய்யாதவர் வரி வாங்கவும் கூடாது. பில்லில் பதிவு எண் இல்லாமல் வரி மட்டும் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

அடையாளச் சான்று கட்டாயம் கேட்பார்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை இணையத்தில் எடுத்து வைத்துக்கொண்டால் போதும், முழு எண்ணையும் ஊரெல்லாம் கொடுத்து வர வேண்டாம்.

நமக்குப் பெரிய கவலை மூட்டைதான். அறையைக் காலி செய்துவிட்டு, வாங்கிய சரக்கைக் கவுண்டரில் போட்டுவிட்டு மறுபடி கடைத்தெருவுக்குப் போவது நம் வழக்கம். சுவரிலோ ‘பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுதியிருக்கும். அந்தப் போர்டு எவ்வளவு தூரம் செல்லும்? டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் 1998-ல் விருந்தினர் ஒருவர் நிறுத்தச் சொல்லிச் சாவி கொடுத்த கார் திருட்டுப் போயிற்று. டோக்கனில் ‘சொந்தப் பொறுப்பு’ என்று அச்சிட்டிருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 நவம்பர் 14-ல் தீர்ப்பானது. பொருளை ஒப்படைத்து வாங்கிக்கொண்ட பிறகு கவனமாகப் பார்த்துக்கொண்டதாக ஹோட்டல்தான் நிரூபிக்க வேண்டும், சொந்த அஜாக்கிரதையை அறிவிப்பால் மறைக்க முடியாது என்றது நீதிமன்றம். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் பழைய நியாயம்தான் இது.

நம் மூட்டைக்கும் இதைச் சொல்லி வாதாட இடமுண்டு. ஆனால் ஒப்படைத்ததற்கு அத்தாட்சி வேண்டும். ‘மூன்று மூட்டை, இன்ன நேரம்’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள இரண்டு நிமிடம் ஆகும். ‘எங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி’ என்று சிரிப்பார்கள். சிரித்தாலும் எழுதி வாங்குங்கள். சொல்லாமல் அறையில் விட்டுப்போன பணத்துக்கு இந்தப் பலம் கிடைப்பது கடினம்.

தகராறு வந்தால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வியாபாரக் காரியத்துக்காகத் தங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு கிளப்பக்கூடும். சுயதொழிலில் பிழைப்பு நடத்துகிறவருக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. 2019-ம் வருடச் சட்டப்படி புகாரை நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், அதற்காக மறுபடி சென்னைக்கு வந்து அறை எடுக்க வேண்டியதில்லை.