நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முழு நாள்

குன்னூரிலிருந்து கோவை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தெரபிக்குக் கோவையில் காலை 11 மணிக்கு நேரம் கொடுத்திருந்தால், எஸ்டேட்டிலிருந்து குன்னூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து மேட்டுப்பாளையம், பிறகு கோவை, பிறகு ஒரு டவுன் பஸ். இருட்டோடு கிளம்ப வேண்டும். பயிற்சி 45 நிமிடம். திரும்பி வரும்போது லைன் வீடுகளில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கொழுந்து பறிக்கும் தாய்க்கு அன்றைய கூலி போயிற்று. வளைவுகளில் வாந்தியெடுத்து, ஹாரன் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டே வந்த பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? தெரபிஸ்ட் பார்ப்பதோ அந்த நிலையில் இருக்கும் பிள்ளையைத்தான்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வரச் சொல்வதும் உண்டு. மே மாத சீசனில் மலைப்பாதை சுற்றுலா வண்டிகளால் அடைந்துகிடக்கும்போது இந்தக் கணக்கும் தப்பிவிடும். கூடலூர்க்காரர்களுக்கு மைசூரு தோதான ஊர். 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. யானைக்கு வழிவிடுவது நியாயம். தெரபி முடிந்து திரும்புகிறவருக்கு அந்த 9 மணி உறுத்திக்கொண்டே இருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021இல் உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம். அது நோயல்ல, மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாதது, வந்த ஓரிரு சொற்களும் நின்றுபோவது ஆகியவை ஒன்றரை வயதை ஒட்டியே கண்ணில் படக்கூடியவை. ‘ஆம்பளப் பிள்ளை, பேச நாளாகும்’ என்று பெரியவர்கள் சொல்வதில் ஓரிரு ஆண்டு ஓடிவிடுகிறது.

பிறகு மொழிச் சிக்கல். வீட்டில் படுகு, அங்கன்வாடியில் தமிழ், கூடலூர்ப் பக்கம் மலையாளமோ பணியர் மொழியோ. மைசூரு போனால் கன்னடம். பல மொழி கேட்பதால்தான் பேச்சு வரவில்லை, ஒன்றை மட்டும் பேசுங்கள் என்று அறிவுரை வரும். பெரும்பாலும் கைவிடப்படுவது வீட்டு மொழி. இரு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு அதனால் பேச்சு மேலும் தாமதமாவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டிக்குத் தெரியாத மொழியில் பேரனைப் பழக்கினால் நாள் முழுக்க அவனோடு யார் பேசுவது?

அரசு வழிகளும் இருக்கின்றன. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைச் சொல்கிறது. பள்ளி வயது வந்தபின் வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள் உண்டு. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆட்டிசத்தை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. மாற்றுத் திறனாளிச் சான்றிதழுக்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல். 70 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வந்தால் ஆட்டிசம். தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும். தெரபிச் செலவும் அதில் அடங்கும். ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தார்கள். மலைக்கு அது பெரிய வரவு. ஆனால் தெரபிக்கு வேண்டியது படுக்கையல்ல, வாரந்தோறும் உட்கார்ந்து விளையாட ஓர் ஆள்.

அந்த ஆள் யார் என்பதில்தான் எனக்கு நம்பிக்கை. 2016இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வந்த ஓர் ஆய்வு கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்தது. நிபுணர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போனார்கள். தாய் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அவரோடு சேர்ந்து பார்த்தார்கள்: இந்த இடத்தில் குழந்தை உங்களைப் பார்த்தது, நீங்கள் பதில் சொன்னீர்கள், பாருங்கள். 12 அமர்வுகள். முடிவில் பெற்றோர் குழந்தையின் போக்கறிந்து பதில் தருவது கூடியது. குழந்தை தானாகத் தொடர்புகொள்ள முனைவதும் கூடியது. எல்லா அளவுகோலிலும் முன்னேற்றம் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் நம்பிக்கை நிலையம் பெற்றோரையே பிள்ளையோடு தங்கவைத்துப் பயிற்றுவிக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே போகிறார்கள். நிபுணர்கள் செயலி வழியாக மேற்பார்க்கிறார்கள். நீலகிரிக்குப் பொருந்துவது இந்த வழிதான்.

அதற்காக எல்லாவற்றையும் தாயின் தலையில் கட்டிவிடக் கூடாது. காலையில் கொழுந்துக்குப் போகிறவர் மாலையில்தான் பிள்ளையைப் பார்க்கிறார். பகல் முழுக்கக் குழந்தை இருப்பது எஸ்டேட் காப்பகத்து ஆயாவிடம். 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் வேண்டும் என்றது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை முதலில் கவனிக்கக்கூடியவர் அந்த ஆயா. அவருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்க எந்தக் கட்டடமும் வேண்டாம்.

குணப்படுத்துகிறோம் என்று வரும் விளம்பரங்களில் எச்சரிக்கை வேண்டும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022இலேயே சொல்லிவிட்டது. தமிழில் படிக்க நினைப்பவர்களுக்கு யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம் சில புரிதல்கள்’ இருக்கிறது. லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் ‘எழுதாப் பயணம்’ இருக்கிறது. பெற்றோராக இருந்து எழுதியவர்கள் இருவரும்.

பல மையங்களில் பெற்றோரைக் கதவுக்கு வெளியே உட்காரவைக்கிறார்கள். மலையிறங்கிப் போகிறவர் முதல் நாளே கேட்க வேண்டியது, உள்ளே உட்காரலாமா என்பதுதான். முடியாதென்றால், கடைசிப் பத்து நிமிடமாவது பிள்ளையோடு தான் விளையாடுவதைத் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். போனில் அதைப் பதிவுசெய்துகொண்டால் பாட்டிக்கும் ஆயாவுக்கும் காட்டலாம்.