உங்களுக்குத் தெரியுமா? கேட்காமல் எழுதிய கதைகள்

● அனுமதி வாங்காமல் ஒருவரின் வாழ்க்கையை எழுதலாமா? இந்தியாவில் இதற்கு விடை கிடைக்கக் காரணமானவர் தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர். அவர் சிறையில் சுமார் 300 பக்கம் சுயசரிதை எழுதியதாகவும், அதைத் தொடராக வெளியிடப் போவதாகவும் ‘நக்கீரன்’ இதழ் அறிவித்தது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலருக்கு அவரோடு இருந்த தொடர்பும் அதில் இருந்ததாம். சும்மா இருப்பார்களா? “இது அவர் எழுதியதே இல்லை, வெளியிடாதே” என்று 1994 ஜூனில் சிறைத்துறையிலிருந்து கடிதம் பறந்தது.

‘நக்கீரன்’ தரப்பு நீதிமன்றம் போனது. உச்ச நீதிமன்றம், சங்கர் எழுதவில்லை, அனுமதியும் தரவில்லை என்றே வைத்துக்கொண்டு வழக்கைப் பார்த்தது. 1994 அக்டோபர் 7 தீர்ப்பு இதுதான்: குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்ற அந்தரங்கங்களைச் சம்மதமின்றி எழுதக் கூடாது, நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணத்தில் இருப்பதைத் தாராளமாக எழுதலாம். ஆவணத்தைத் தாண்டினால் பின்விளைவு எழுதியவர் தலையில். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரை மட்டும், ஆவணத்தில் இருந்தாலும் தொடக் கூடாது. அரசு அதிகாரிகளோ, தங்கள் பணி சார்ந்த செயலுக்கு அந்தரங்கம் என்று திரை போட முடியாது. அச்சேறும் முன்னரே தடுக்கவும் முடியாது. தடுக்கத் துடித்தவர்கள் அவர்கள்தாம் என்பதைக் கவனியுங்கள். சங்கர் 1995 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார்.

● ஜெயலலிதா உயிரோடு இருந்தபோது, தன்னைப் பற்றி வாசந்தி எழுதிய நூலுக்கு நீதிமன்றத்தில் தடை வாங்கினார். அவர் மறைந்த பின், அவர் வாழ்க்கையைச் சொல்லும் ‘தலைவி’ படத்தை எதிர்த்து அண்ணன் மகள் தீபா வழக்குப் போட்டார். அந்தரங்க உரிமை வாரிசுக்குச் சேரும் சொத்து அல்ல என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

● அதற்காக, செத்தவரைப் பற்றி எதையும் எழுதலாம் என்று நினைத்துவிடாதீர்கள். மலேசியத் தண்டனைச் சட்டம் 499ஆம் பிரிவின்படி, இறந்தவரைப் பழித்து அவர் குடும்பத்தைப் புண்படுத்த எண்ணினால் அதுவும் அவதூறுதான். உலு திராமில் பழைய தோட்டத்துக் கதை எழுதுகிறவர், மறைந்த கிராணியின் கணக்குப் புத்தகத்தைக் கிண்டும் முன் இதைப் படித்துவிடுவது நல்லது. உண்மை என்பது மட்டும் போதாது. அதைச் சொல்வதில் பொது நன்மையும் இருக்க வேண்டும்.

● மலேசிய அரசியலமைப்பில் ‘அந்தரங்கம்’ என்று தனிப் பிரிவு கிடையாது. சிவராசா ராசையா வழக்கில்தான், 5ஆவது பிரிவு சொல்லும் தனிமனிதச் சுதந்திரத்துக்குள் அதுவும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம். வழக்கு என்னவோ வழக்கறிஞர் மன்றப் பதவி பற்றியது!

● மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே. பத்திரிகை, இலக்கியம், கலை ஆகியவற்றுக்கு அதில் நிபந்தனையோடு விலக்கும் உண்டு. மத்திய, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது.