கடிவாளம் – 11: லாயத்தில் எந்தக் குதிரை நிற்கிறது?

குதிரையேறுபவர்களிடம், இத்தனை வகை இருக்க நீங்கள் ஏன் இந்த ஒன்றை எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டால், பதில் பெரும்பாலும் சுபாவத்தைப் பற்றியே இருக்கும். தடை தாண்டும் ஷோ ஜம்பிங்காரர் தனக்குத் துணிச்சல் அதிகம் என்பார். குதிரையை அளந்து அடிவைக்கப் பழக்கும் டிரெஸ்ஸாஜ்காரர் தனக்குப் பொறுமையும் நுணுக்கமும் பிடிக்கும் என்பார். போலோ ஆடுகிறவருக்கு நாலு பேரோடு சேர்ந்து ஆடுவதில் சுகம். நெடுந்தூர எண்டியூரன்ஸ் ஓட்டத்துக்குப் போகிறவருக்குத் தனிமை வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னையில் இந்தப் பதில்களை நம்புவதற்கு முன் ஊரின் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மனிதர் விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது அபூர்வம் என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வருவது. போய்ச் சேரக்கூடிய தூரத்தில் எந்தக் குதிரை, எந்த மண்ணில், யாருடைய செலவில் நிற்கிறதோ அதுவே விளையாட்டை முடிவு செய்கிறது. சுபாவம் என்கிற விளக்கம் பிறகு வந்து ஒட்டிக்கொள்கிறது.

ஈக்காட்டுத்தாங்கலை நடுவில் வைத்துக்கொள்வோம். தொழிற்பேட்டையும் ஐ.டி. கட்டடங்களும் நூறடி சாலை நெரிசலுமான அந்தப் பகுதியில் ஒரு குதிரையைக் கட்டக்கூட இடமில்லை. ஆனால் ரயில் பாதையைத் தாண்டி அந்தப்பக்கம் போனால் கிண்டி ரேஸ் கோர்ஸ், 160 ஏக்கர் சொச்சம். அங்கே பந்தயம் ஓடத் தொடங்கியது 1777-இல் என்பார்கள்; மெட்ராஸ் ரேஸ் கிளப் உருவானது 1896-இல். தெற்கே பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி. வடக்கே சற்றுத் தொலைவில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903-இல் அந்தக் கல்லூரி தொடங்கியது பக்கத்துச் சைதாப்பேட்டையில்தான். பந்தயம், பட்டாளம், கால்நடை வைத்தியம். தென்சென்னையில் குதிரை மிஞ்சியிருந்ததற்குக் காரணம் இந்த மூன்றும்தான். ஈக்காட்டுத்தாங்கலில் வேலை பார்த்துக்கொண்டு வாரக்கடைசியில் குதிரையேறக் கற்க நினைக்கும் ஒருவர் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றின் நிழலில்தான் போய் நிற்க வேண்டும்.

முதலில் பந்தயத்தின் நிழல். இந்திய நகரங்களின் ரைடிங் பள்ளிகளில் நிற்கும் குதிரைகளில் பெரும்பகுதி பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் இனத்தவை. இரண்டு வயதில் ஓடத் தொடங்கி, ஐந்தாறு வயதில் வேகம் குறைந்து, உரிமையாளருக்குத் தீவனச் செலவாகிவிட்ட குதிரை மலிவாகவோ இனாமாகவோ பள்ளிக்கு வந்து சேர்கிறது. அந்த உடம்பு எதற்குப் பழகியிருக்கிறது என்று பாருங்கள். கடிவாளத்தை இழுத்தால் மற்றக் குதிரை நிற்கும். பந்தயக் குதிரை பல நேரம் அந்தப் பிடியின் மேல் சாய்ந்து இன்னும் வேகமாகப் போகும், ஏனென்றால் ஜாக்கி அதை அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். கழுத்தை நீட்டி, முதுகைத் தட்டையாக்கி, முன்னே பாய்வது அதற்குத் தெரிந்த ஒரே பாஷை. டிரெஸ்ஸாஜ் கேட்பது இதற்கு நேர் எதிரானது: பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் கொண்டுவந்து, எடையைப் பின்பக்கம் ஏற்றி, வேகத்தை உள்ளேயே அடக்கிவைக்க வேண்டும். ஜெர்மனியிலும் ஹாலந்திலும் அதற்கென்றே தலைமுறை தலைமுறையாக இனம் வளர்த்திருக்கிறார்கள். தரோபிரெட்டுக்கும் அதைக் கற்றுத்தரலாம். ஆனால் மாதக்கணக்கில் ஆகும், நல்ல ஆசான் வேண்டும். தடை தாண்டுவதற்கோ அந்த நீண்ட எட்டும் முன்னே போகும் ஆசையும் அப்படியே உதவும். ஆகவே பள்ளியில் அடிப்படை முடித்த மாணவர், ஒரு வருஷத்தில், மூங்கில் கம்புத் தடைகளுக்கு முன்னால் நிற்கிறார். துணிச்சல்காரராகவே பிறந்தேன் என்று அவர் சொன்னால், குதிரை எதற்காகப் பிறந்தது என்று திருப்பிக் கேட்கத் தோன்றும்.

மற்ற இரண்டு நிழல்களும், பட்டாளமும் கால்நடை வைத்தியமும், ஒரே சீருடையில் சேர்ந்து நிற்கின்றன. வேப்பேரிக் கல்லூரியின் என்.சி.சி. குதிரைப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவம் படிக்க வந்த கிராமத்துப் பிள்ளை, அதுவரை குதிரையை அய்யனார் கோயில் மண் சிலையாக மட்டுமே பார்த்திருந்தாலும், அங்கே காசில்லாமல் சேணத்தில் ஏறலாம். சென்னையில் குதிரையேற்றம் பணக்காரர் விஷயம் என்கிற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை எதைக் கற்கிறார்? குடியரசு தின முகாமில் எவற்றுக்குப் போட்டி உண்டோ அவற்றை: தடை தாண்டல், ஈட்டியால் மண்ணில் நட்ட முளையைக் குத்தி எடுக்கும் டெண்ட் பெக்கிங் போன்றவை. காவல்துறையின் குதிரைப் பிரிவிலும் இதே கதை. அகில இந்தியக் காவல்துறை குதிரையேற்றப் போட்டிகளில் எது இருக்கிறதோ அதுவே பயிற்சி. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் குதிரையேற்றத்தில் இந்தியா வாங்கிய தங்கங்கள், டிரெஸ்ஸாஜும் நெடுவெளி ஓட்டமும் தடை தாண்டலும் சேர்ந்த ஈவென்டிங்கிலும், டெண்ட் பெக்கிங்கிலும் வந்தன. இரண்டும் குதிரைப்படையின் தேவையிலிருந்து பிறந்தவை. அப்போது குதிரையும் மைதானமும் பட்டாளத்திடம் இருந்தன. ஆகவே பட்டாளத்தின் விளையாட்டே நாட்டின் விளையாட்டாயிற்று.

நிறுவனம் கதவைத் திறந்தால்தான் ஆசைக்கே இடம் உண்டு என்பதற்கு ஒலிம்பிக் வரலாற்றில் அழுத்தமான சாட்சி இருக்கிறது. 1948 வரை டிரெஸ்ஸாஜ் ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே. அந்த வருஷம் லண்டனில் தங்கம் வென்ற சுவீடன் அணியில் இருந்த கேனல் பெர்சோன் உண்மையில் சார்ஜென்ட்; போட்டிக்காக மட்டும் லெப்டினன்ட் ஆக்கி அனுப்பியிருந்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் அணி தகுதி இழந்தது, தங்கம் பிரான்ஸுக்குப் போனது. 1952-இல் விதியைத் தளர்த்தினார்கள். அதே பெர்சோன் அதே அணியில் மறுபடி தங்கம் வாங்கினார். அதே விதித்தளர்வால் உள்ளே வந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல், போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த பெண், வெள்ளி வாங்கினார். அந்த நாலு வருஷத்தில் ஐரோப்பியப் பெண்களின் சுபாவம் மாறிவிடவில்லை, விதிப்புத்தகத்தில் ஒரு வரி மாறியது.

இனி நிலத்தின் கணக்கு. முழு அளவு போலோ மைதானம் 300 கெஜ நீளம், 200 கெஜ அகலம். பன்னிரண்டு ஏக்கருக்கு மேல். அதோடு ஓர் ஆட்டக்காரருக்கு ஒரு குதிரை போதாது, சுற்றுக்குச் சுற்று மாற்ற வேண்டும். டிரெஸ்ஸாஜ் களம் 60 மீட்டருக்கு 20 மீட்டர். சென்னைக் கணக்கில் ஐந்தரை கிரவுண்டுக்குள் அடங்கிவிடும். கிண்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம் அதைவிடப் பெரிது. அப்படியானால் நிலம் அருமையான இந்த நகரத்தில் டிரெஸ்ஸாஜ் அல்லவா செழித்திருக்க வேண்டும்? செழிக்கவில்லை. குறைந்த நிலம் கேட்கும் விளையாட்டே சரியான குதிரையையும் நீண்டகால ஆசானையும் அதிகம் கேட்கிறது. நிலம் மட்டுமே தீர்மானிக்கும் என்று நான் வாதிட்டிருந்தால் இந்த ஒரு உதாரணமே என் வாதத்தைக் கவிழ்த்துவிடும். விளையாட்டை முடிவு செய்வது நிலமும் குதிரையும் நிறுவனமும் சேர்ந்த முடிச்சு.

எல்லாம் பணம்தானே, இதற்கு ஏன் இத்தனை சுற்று என்று கேட்பார்கள். உள்ளே நுழையப் பணம் வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் நுழைந்த பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்பதைப் பணம் சொல்வதில்லை. ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் சவாய் மான்சிங்கிடம் பணம் இருந்தது. அது போலோவுக்குப் போனது, 1933-இல் அவருடைய அணி இங்கிலாந்தின் பெரிய கோப்பைகளையெல்லாம் அள்ளியது. சென்னையில் எம்.ஏ.எம். ராமசாமியிடமும் பணம் இருந்தது. அது பந்தயக் குதிரைகளுக்குப் போனது, நாட்டின் மிகப்பெரிய குதிரை உரிமையாளர்களில் ஒருவரானார். (அவர் குதிரையை வைத்திருந்தவர், ஏறி ஓட்டியவர் அல்லர் என்பது சரிதான், ஆனால் ஓட்டுகிறவர்களுக்கு எந்தக் குதிரை கிடைக்கும் என்பதை முடிவுசெய்தவர்கள் அவரைப் போன்றவர்களே.) ஜெய்ப்பூரில் சமஸ்தானக் குதிரைப்படையும் திறந்த மைதானமும் இருந்தன, மெட்ராஸில் ரேஸ் கோர்ஸ் இருந்தது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. அனுஷ் அகர்வாலா கொல்கத்தாக்காரர். பதின்ம வயதிலேயே ஜெர்மனிக்குப் போய் டிரெஸ்ஸாஜ் பழகினார். 2023-இல் ஹாங்ஸோ ஆசிய விளையாட்டில் அவரும் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா ஆகியோரும் சேர்ந்து இந்தியாவுக்கு 41 வருஷத்துக்குப் பிறகு குதிரையேற்றத் தங்கம் வாங்கித் தந்தார்கள். தனிநபர் வெண்கலமும் அகர்வாலாவுக்கே. 2024 பாரிஸில் ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் இறங்கிய முதல் இந்தியர் அவர். இந்தூர், ஜெய்ப்பூர், மும்பை என்று இவர்கள் வந்த எந்த ஊரிலும் டிரெஸ்ஸாஜ் பெரிய அளவில் இல்லை. அப்படியானால் மனம் வென்றுவிட்டதே? வென்றது உண்மைதான், ஆனால் என்ன விலையில் என்று பாருங்கள். நால்வரும் ஐரோப்பாவில் தங்கிப் பழக வேண்டியிருந்தது. அங்கேயே குதிரையும் தேட வேண்டும். நோய்த்தடுப்பு விதிகளால் இங்கிருந்து குதிரையைக் கொண்டுபோவது லேசான காரியம் இல்லை. சொந்த லாயம் தராத விளையாட்டை விரும்பினால் லாயத்தையே மாற்ற வேண்டும் என்பதற்கு இவர்களைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஈவென்டிங்கில் 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வாங்கிய பெங்களூரின் ஃபவாத் மிர்சாவுக்கு வேறு வகைக் கொடுப்பினை: அப்பா குதிரை வைத்தியர். சென்னையில் வளர்ந்த ரூபா சிங், இந்தியாவின் முதல் தொழில்முறைப் பெண் ஜாக்கியாக அறியப்படுபவர், எழுநூறுக்கு மேல் பந்தயங்கள் வென்றவர். தாத்தா பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் குதிரை பழக்கியவர், அப்பாவும் பந்தயக் குதிரைப் பயிற்சியில் இருந்தவர். ஆண்கள் மட்டுமே இருந்த தொழிலுக்குள் நுழைய அவருக்கு அசாத்தியமான மனத்திடம் வேண்டியிருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அந்தத் திடம் ஏன் போலோவிலோ டிரெஸ்ஸாஜிலோ வெளிப்படாமல் பந்தயத்தில் வெளிப்பட்டது என்றால், வீட்டு வாசலில் நின்றது பந்தயக் குதிரை.

சுபாவத்துக்கு ஒன்றுமே மிச்சம் இல்லையா? இருக்கிறது. ஒரே பள்ளியில் ஒரே குதிரையில் கற்றவர்களில் ஒருவர் தடையின் உயரத்தைக் கூட்டச் சொல்வார், இன்னொருவர் இறங்கிவிடுவார். உடம்புக்கும் பங்கு உண்டு: ஐம்பது சொச்சம் கிலோவைத் தாண்டிவிட்டால் ஜாக்கி கனவு முடிந்தது, ஆர்வம் எவ்வளவு இருந்தாலும் தராசு விடாது. ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு 1964 டோக்கியோவில் தடை தாண்டினார். 2012 லண்டனில், 71 வயதில், டிரெஸ்ஸாஜில் இறங்கினார். ஆள் அதேதான். ஆகவே லாயம் தரும் சிறு பட்டியலுக்குள் எதை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்பதைப் பயமும் எடையும் வயதும் முடிவுசெய்கின்றன என்பதை ஏற்கிறேன். பட்டியலை எழுதுவது அவை அல்ல. தவிர, பத்து வருஷம் டிரெஸ்ஸாஜ் செய்த ஒருவர் நுணுக்கக்காரராக இருப்பதைக் காட்டி, நுணுக்கக்காரர்கள் டிரெஸ்ஸாஜைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சொல்வது காரியத்தைக் காரணமாக்குவது. பொறுமை இல்லாதவர்கள் இரண்டாம் வருஷமே விலகிப்போயிருப்பார்கள். பேட்டி கொடுக்க மிஞ்சியவர்கள்தான் தமக்கும் விளையாட்டுக்கும் ஜாதகப் பொருத்தம் இருந்ததாகச் சொல்கிறார்கள்.

இந்த வாதத்துக்குச் சென்னையில் இப்போது ஒரு சோதனை நடந்துகொண்டிருக்கிறது. 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது; 1996-இல் உச்ச நீதிமன்றம், பந்தயம் அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டம் அல்ல, திறமையின் ஆட்டம் என்று தீர்ப்பளித்தது; 2024 செப்டம்பரில் 730 கோடி ரூபாய்க்கு மேல் குத்தகை பாக்கி என்று சொல்லி அரசு கிண்டி ரேஸ் கோர்ஸுக்குச் சீல் வைத்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மழைவெள்ளத்தைத் தேக்க அங்கே குளங்கள் வெட்டும் வேலையும் நடந்தது. 2015 வெள்ளத்தில் அடையாறு கரையேறிய ஈக்காட்டுத்தாங்கலில் இருப்பவர்களுக்குக் குளம் முக்கியமா, குதிரை முக்கியமா என்று கேட்டால் பதிலில் சந்தேகம் இருக்காது, இருக்கவும் கூடாது. என் குறை வேறு. அரை நூற்றாண்டாக நடக்கும் இந்த வழக்காட்டம் முழுவதும் பந்தயம், வாடகை, நிலம் என்ற மூன்றைச் சுற்றியே வந்திருக்கிறது. பந்தயக் குதிரையின் ஓய்வுக்காலத்தை நம்பி இந்த ஊரின் மற்ற எல்லாக் குதிரை விளையாட்டும் உயிர்வாழ்வதைப் பற்றி இரு தரப்பும் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கிண்டியில் குதிரை நிற்காவிட்டால் பள்ளிகள் பெங்களூரிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ தரோபிரெட் வாங்கி லாரியில் கொண்டுவர வேண்டும். அல்லது நம் சந்தைகளில் கிடைக்கும் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளின் பக்கம் திரும்ப வேண்டும். அந்தக் குதிரைகளோடு வேறு பழக்கங்களும் சேர்ந்து வரும். கொங்கு நாட்டிலும் தென் மாவட்டங்களிலும் அவற்றை ரேக்ளா வண்டியில் பூட்டுகிறார்கள், திருவிழாவில் ஆட வைக்கிறார்கள், வாங்கும்போது ஓட்டத்தைப் பார்ப்பதற்கு முன் உடம்பிலுள்ள மயிர்ச்சுழியைப் பார்க்கிறார்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் யார், எதைப் பார்த்து, எதற்காக வாங்குகிறார்கள் என்பதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம்.