மரத்தை எரித்தால் கார்பன் ‘பூஜ்யம்’! இந்தக் கணக்கு காடுகளை என்ன செய்கிறது?

பிரிட்டனின் மிகப்பெரிய மின் நிலையம் வடக்கு யார்க்‌ஷரில் இருக்கும் டிராக்ஸ். முன்பு நிலக்கரியில் ஓடியது; இப்போது மர பெல்லட்டில் ஓடுகிறது. மரத்தை அரைத்து, உலர்த்தி, அழுத்திச் செய்கிற சின்னக் குச்சிகள்தான் பெல்லட். பெரும்பாலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்து கப்பலில் வருகின்றன. ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்பதால் அரசு மானியமும் உண்டு.

மரத்தை எரித்தாலும் புகை வருமே, அப்புறம் எப்படி பசுமை மின்சாரம் என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான்.

எது அதிகம் வெளியிடுகிறது?

ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் வழிகாட்டுதல்படி, ஒரு டெராஜூல் ஆற்றலுக்கு பிட்டுமினஸ் நிலக்கரி சுமார் 95 டன் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். மரம் வெளியிடுவது 112 டன்.

அப்போ பூஜ்யம் எங்கிருந்து வந்தது?

மரத்தை வெட்டும்போதே, அந்த நாட்டின் நிலப் பயன்பாட்டுக் கணக்கில் கார்பன் இழப்பு பதிவாகிறது. அதையே மின் நிலையத்திலும் எழுதினால் இரண்டு முறை எண்ணியதாகிவிடும். அதனால் எரிக்கும் நாட்டின் மின்துறைக் கணக்கில் பூஜ்யம். விளைவு? இழப்பு கனடாவின் கணக்கில். பசுமைப் பெயர் பிரிட்டனுக்கு. திரும்ப மரம் நடலாம்தான். ஆனால் சில நிமிடங்களில் எரிந்துபோன கார்பனைப் புதிய மரம் உறிஞ்சப் பல பத்தாண்டுகள் ஆகும்.

வெறும் மரத்தூள்தானே?

மரத்தூளும், மரக்கட்டைத் தொழிலுக்கு உதவாத மரமும்தான் பயன்படுகின்றன என்கின்றன நிறுவனங்கள். ஆனால் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டிராக்ஸ் வெட்டும் உரிமம் வாங்கிய இடங்களில், மனிதர் கை பெரிதாகப் படாத முதன்மைக் காடுகளும் இருந்ததாக 2022-ல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி காட்டியது. கனடா மரம் குறித்த தரவைச் சரியாக அளிக்காததற்காக, 2.5 கோடி பவுண்டு செலுத்த 2024 ஆகஸ்ட்டில் டிராக்ஸ் ஒப்புக்கொண்டது. மானியம் தவறாக வழங்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்றும் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் கூறியது.

இனி என்ன மாறும்?

2027 முதல் 2031 வரை மானியம் ஏறத்தாழ பாதியாகும், முதன்மைக் காட்டு மரத்துக்கு அறவே கிடையாது என்று 2025 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு அறிவித்தது. காட்டைக் காக்கிற விதி இதுதான். ஆனால் எந்த மரம் எங்கிருந்து வந்தது என்ற தரவு சரியாக இருந்தால்தான் அந்த விதியை அமல்படுத்த முடியும்.

நமக்கு இதில் என்ன?

நிலக்கரியோடு 5% பயோமாஸ் பெல்லட்டும் கலந்து எரிக்க வேண்டும் என்று 2021-ல் மத்திய மின்துறை அனல் மின் நிலையங்களுக்குச் சொன்னது. இங்கே மூலப்பொருள் முக்கியமாக விவசாயக் கழிவு. வைக்கோல் அடுத்த அறுவடையிலேயே திரும்பக் கிடைக்கும். காடு அப்படிக் கிடைக்காது. ஆனால் இரண்டுக்கும் ‘பயோமாஸ்’ என்ற ஒரே பெயர்தான். உங்கள் நிறுவனத்தின் பசுமை அறிக்கையில் அந்த வார்த்தையைப் பார்த்தால் ஒன்று கேளுங்கள்: எந்தப் பொருள், எந்த நிலத்திலிருந்து?